மார்த்தா வாஷிங்டன் வீட்டில் வாழ்ந்த இரு குடும்பங்கள்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனின் துணைவியார் மார்த்தாவின் குடும்பத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவரது துயரங்களை மட்டும் சொல்லி நிறுத்தினால், அதே கூரையின் கீழ் வாழ்ந்த இன்னொரு குடும்பத்துக்கு அநீதி இழைத்தவனாவேன்.

1731இல் வர்ஜீனியாவில் பிறந்த மார்த்தா, 1750இல் டேனியல் பார்க் கஸ்டிஸ் என்னும் செல்வந்தப் பண்ணையாரை மணந்தார். ஏழே ஆண்டுகளில் இரு குழந்தைகளையும் கணவரையும் பறிகொடுத்து, எஞ்சிய இரு குழந்தைகளுடன் 26 வயதில் கைம்பெண்ணானார். 1759இல் வாஷிங்டனை மணந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மகள் பாட்ஸி வலிப்பு நோயால் 1773இல் இறந்தாள். மகன் ஜாக்கி 1781இல், அமெரிக்க விடுதலைப் போரின் யார்க்டவுன் முற்றுகையின்போது முகாமில் பரவிய காய்ச்சலுக்குப் பலியானான். பெற்ற நால்வரையும் இழந்த அந்தத் தாய், ஜாக்கியின் நான்கு பிள்ளைகளில் இளையவர்கள் இருவரைத் தம்மிடமே வைத்து வளர்த்தார்.

கஸ்டிஸ் உயில் எழுதாமல் இறந்ததால், வர்ஜீனியச் சட்டப்படி அவரது சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மார்த்தாவின் ஆயுட்காலம் வரை அவர் வசம் இருந்தது. அந்தப் பங்கில் நிலம் மட்டுமல்ல, மனிதர்களும் இருந்தார்கள். அவர்களை விடுவிக்க மார்த்தாவுக்கோ வாஷிங்டனுக்கோ உரிமை இல்லை. மார்த்தாவுக்குப் பின் அவர்கள் கஸ்டிஸின் வாரிசுகளையே சேர வேண்டும். அப்படி வாஷிங்டனின் பண்ணையான மவுண்ட் வெர்னனுக்கு வந்தவர்களில் ஒருவர் பெட்டி என்னும் தையற்காரி. தாயின் நிலையே பிள்ளைக்கும் என்பது அன்றைய சட்டமாதலால், அவருடைய மகள் ஓனா ஜட்ஜும் அடிமையாகவே பிறந்தாள். வளர்ந்து மார்த்தாவின் அணுக்கப் பணிப்பெண்ணாகி, வாஷிங்டன் குடியரசுத் தலைவரானபோது, 1789இல் அன்றைய தலைநகரான நியூயார்க்குக்கும், பிறகு தலைநகர் மாறிய பிலடெல்பியாவுக்கும் உடன் சென்றாள்.

பென்சில்வேனியாவின் 1780ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கே வந்து தங்கும் வெளிமாநிலத்தவரின் அடிமைகள் ஆறு மாதத்துக்கு மேல் தங்கிவிட்டால் விடுதலை கோரலாம். அந்தக் கெடு நிறைவடையாதபடி வாஷிங்டன் தம்பதியர் தம் அடிமைகளை இடையிடையே மாநிலத்துக்கு வெளியே அனுப்பி வந்தனர். தெரிந்தே செய்த இந்தச் செயலைக் காலத்தின் வழக்கம் என்று சொல்லி மன்னிக்க என்னால் இயலவில்லை. மார்த்தா தம் பேத்தி எலைசாவுக்குத் தன்னைக் கொடுக்கப்போகிறார் என்றறிந்த ஓனா, 1796 மே மாதம் ஒரு மாலையில், வாஷிங்டன் குடும்பத்தார் உணவருந்திக்கொண்டிருந்தபோது வீட்டைவிட்டு வெளியேறி, கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயரை அடைந்தாள். அவளை மீட்க வாஷிங்டன் அரசு அதிகாரிகளையே நாடினார், முடியவில்லை. அவள் அங்கேயே மணம் புரிந்து, மூன்று பிள்ளைகளைப் பெற்றாள். தாயின் வழியே அந்த மூவரும்கூடச் சட்டத்தின் கண்ணில் கஸ்டிஸ் சொத்துத்தான்.

1799இல் மவுண்ட் வெர்னனில் இருந்த 317 அடிமைகளில் 123 பேர் வாஷிங்டனுக்கு உரியவர்கள். 153 பேர் கஸ்டிஸ் பங்கைச் சேர்ந்தவர்கள். வாஷிங்டன் தம்மவர்களை விடுவிக்குமாறு உயில் எழுதியிருந்தார்; 1801 ஜனவரி முதல் நாள் அவர்கள் விடுதலை பெற்றனர். ஆனால் இரு தரப்பாருக்குமிடையே திருமணங்கள் நடந்திருந்தமையால், கணவன் விடுதலை பெற, மனைவியும் மக்களும் அடிமைகளாகவே இருந்த குடும்பங்கள் பல. 1802 மே மாதம் மார்த்தா மறைந்ததும், கஸ்டிஸ் பங்கைச் சேர்ந்த மனிதர்கள் அவருடைய நான்கு பேரப்பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டனர்.