ஒரே சாதி மீன்தான். ஒரு டின்னுக்கு வரி, இன்னொரு டின்னுக்கு வரி இல்லை!

[திரையில்: சமையல் மேடை. அருகருகே இரண்டு மீன் டின்கள்.]

இந்த இரண்டு டின்களையும் கொஞ்சம் பாருங்கள். இது பில்சர்ட். இது சார்டின். இரண்டும் சாளைக் குடும்பத்துப் பங்காளிகள். ஆனால் பில்சர்ட் டின்னுக்குத் தென்னாப்பிரிக்க அரசு ஒரு காசுகூட வாட், அதாவது மதிப்புக் கூட்டு வரி, வாங்குவதில்லை. சார்டின் டின்னுக்கு 15 சதவீதம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டின்னில் அடைத்த பில்சர்டுக்கு விலக்கு உண்டு, டின்னில் அடைத்த சார்டினுக்குக் கிடையாது என்று சட்டத்தின் அட்டவணையிலேயே பிரித்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

வணக்கம் உறவுகளே. டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து பேசுகிறேன். நான் கணக்காளர் இல்லை, வக்கீல் இல்லை, எந்தக் கட்சிக்கும் கொடி பிடித்தவளும் இல்லை. வரி கட்டுகிறவள், அவ்வளவுதான். இன்றைக்கு வாட், வருமான வரி, வீட்டு வரி, கடைசியில் கொஞ்சம் உள்ளூர் அரசியல். பாதியில் ஓடிவிடாதீர்கள். நான் 15,000 ராண்டைக் கோட்டைவிட்ட கதை பின்னால் வருகிறது. அடுத்தவர் ஏமாந்த கதை என்றால் நம் ஆட்கள் கடைசிவரை உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

முதலில் வரலாறு, ஒரே மூச்சில். 1978-ல் 4 சதவீத விற்பனை வரி வந்தது. 1991 செப்டம்பர் 30 அன்று அது போய் 10 சதவீத வாட் வந்தது. 1993-ல் 14. 2018 ஏப்ரல் 1 முதல் 15. வரலாறு முடிந்தது.

[திரையில்: அடுப்பு, வாணலி, நறுக்கிய வெங்காயம்.]

இப்போது டின் மீன் குழம்பு வைப்போம். மாதக் கடைசியில் நம் வீடுகளில் இதுதானே ராஜா! வாணலியில் சூரியகாந்தி எண்ணெய். அதற்கு வாட் இல்லை. ஆலிவ் எண்ணெய் ஊற்றுகிற வீடாக இருந்தால் 15 சதவீதம் கட்டுங்கள். உங்களுக்கு வசதி இருக்கிறது என்று சட்டம் நினைக்கிறது. வெங்காயம், பச்சை மிளகாய், தக்காளி எதற்கும் வரி இல்லை. அதே தக்காளியைத் தோல் நீக்கி டின்னில் அடைத்து விற்றால் 15. பச்சை மிளகாய்க்கு இல்லாத வரி, அது காய்ந்து பொடியானதும் வந்து ஒட்டிக்கொள்கிறது. மஞ்சள் பொடிக்கு உண்டு, மசாலாப் பொடிக்கு உண்டு, உப்புக்கும் உண்டு. உப்புக்கு வரி என்றதும் யாருக்காவது தாடி இல்லாத, கைத்தடி ஊன்றிய ஒரு கிழவர் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை.

குழம்பு கொதிக்கும்போது மீனைப் போடுகிறோம். பில்சர்ட், வரி இல்லை. பக்கத்து அடுப்பில் சோறு. அரிசிக்கு வரி இல்லை. பருப்புக்கு இல்லை. அப்பளத்துக்கு உண்டு. ஊறுகாய்க்கு உண்டு. முட்டைக்கு இல்லை, கோழிக்கு உண்டு. காய்ந்த பருப்பு வகைக்கெல்லாம் விலக்குக் கொடுத்தவர்கள் நிலக்கடலையை மட்டும் வெளியே நிறுத்திவிட்டார்கள். அது என்ன பாவம் செய்ததோ!

நீங்கள் நம்பவேண்டாம். அடுத்த முறை கடைக்குப் போனால் பில்லைக் கசக்கி எறியாமல் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வாட் உள்ள தொகை தனியாக, இல்லாத தொகை தனியாக இருக்கும். நான் போன வாரம் ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகக் குறி போட்டேன். என் மகன் "அம்மாவுக்குப் பொழுதுபோகவில்லை" என்று தங்கையிடம் போனில் சொன்னான். பொழுது நன்றாகவே போயிற்று.

எனக்குப் பிடித்தது ரொட்டிதான். பழுப்பு ரொட்டிக்கு வரி இல்லை, வெள்ளை ரொட்டிக்கு 15 சதவீதம். வெள்ளை ரொட்டி மாவுக்கும் கேக் மாவுக்கும் 2019 ஏப்ரலில் விலக்குக் கொடுத்தார்கள். அதாவது மாவை வாங்கி நீங்களே சுட்டால் வரி இல்லை, சுட்டதை வாங்கினால் வரி! பனி சௌ என்ற அமுதத்தை உலகுக்குத் தந்த ஊர் இது. வெள்ளை ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பை ஊற்றித் தின்கிற ஊரில் வெள்ளை ரொட்டிக்கு வரி போடுவதை என் நாக்கு ஒருநாளும் மன்னிக்காது.

பட்டியலை நான் குறை சொல்லவில்லை. ஏழை வீட்டு அடுப்பில் என்ன இருக்கும் என்று யாரோ யோசித்து எழுதியது அது. மீலி என்கிற மக்காச்சோள மாவு, சாம்ப் என்கிற உடைத்த மக்காச்சோளம், காய்ந்த பீன்ஸ், பில்சர்ட் டின், விளக்கெரிக்க மண்ணெண்ணெய் எல்லாம் அதில் இருக்கின்றன. நல்ல மனதோடு எழுதியதுதான். ஆனால் பொருளை விட்டுவிட்டுப் பெயரைப் பிடித்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். ஜூன், ஜூலையில் நம் கடற்கரைக்குக் கூட்டங்கூட்டமாக வருகிறதே சார்டின், வாளியைத் தூக்கிக்கொண்டு ஊரே ஓடுகிறதே, அந்த மீனும் தென்னாப்பிரிக்க பில்சர்டும் ஒரே இனம். விஞ்ஞானிகள் வைத்த பெயர் இரண்டுக்கும் ஒன்று: சார்டினாப்ஸ் சாகாக்ஸ். மீனுக்கு இது தெரியுமா? தெரிந்திருந்தால் எந்தப் பெயரில் டின்னுக்குள் போவது என்று அது யோசித்திருக்கும்.

[திரையில்: 2025 நாட்காட்டி, மார்ச் 12, ஏப்ரல் 24, மே 1 தேதிகளில் சிவப்பு வட்டம்.]

2025-ல் நடந்த கூத்தைப் பார்ப்போம். பிப்ரவரி 19 அன்று வரவேண்டிய பட்ஜெட் கடைசி நேரத்தில் தள்ளிப்போனது. கூட்டணி அரசுக்குள்ளேயே வாட் உயர்வுக்கு ஒப்புதல் இல்லை. மார்ச் 12-ல் நிதியமைச்சர் ஈனாக் கொடொங்வானா எழுந்து, மே 1 முதல் அரை சதவீதம், அடுத்த ஆண்டு இன்னொரு அரை என்றார். கட்சிகள் நீதிமன்றத்துக்குப் போயின. கடைக்காரர்கள் கணினியில் 15.5 என்று மாற்றத் தொடங்கினார்கள். ஏப்ரல் 24-ல், மே 1-க்கு ஒரு வாரம் இருக்கும்போது, உயர்வு வேண்டாம் என்று வாபஸ். மே 21-ல் மூன்றாவது முறையாக பட்ஜெட்!

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ஆனால் அந்த உயர்வோடு சேர்த்து ஏழைகளுக்கு ஒரு ஆறுதலும் அறிவித்திருந்தார்கள்: கோழித் தலை, கால், ஈரல் போன்றவற்றுக்கும் டின் காய்கறிக்கும் வாட் விலக்கு. உயர்வு போனபோது அதுவும் போயிற்று. அரை சதவீதத்தைத் துரத்தியவர்கள் பேச்சில் கோழிக்காலை யாரும் பேசவில்லை. கோழிக்கால் சூப்பு குடிக்கிற வீட்டுக்குத்தான் அதன் கணக்குத் தெரியும்.

வருமான வரியை வேகமாகக் கடப்போம். 2025–26 வரியாண்டில் எல்லோருக்கும் 17,235 ராண்ட் தள்ளுபடி. 65 வயதானால் கூடுதலாக 9,444. 75 ஆனால் அதற்கும் மேல் 3,145. முதல் படியில் வரி 18 சதவீதம் என்பதால், 65 வயதுக்குள் இருப்பவர் ஆண்டுக்கு 95,750 ராண்ட் வரை வரி கட்டவேண்டாம். 75 கடந்தவருக்கு அந்த எல்லை 1,65,689. இந்தத் தள்ளுபடியை யாரும் கேட்டு வாங்கவேண்டியதில்லை. உங்கள் பிறந்த தேதி வரித்துறையிடம் இருக்கிறது, கணக்குப் போடும்போது தானாகக் கழிந்துவிடும். "தானாக" என்ற இந்தச் சொல்லை மட்டும் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: கூரை மேல் எட்டு சோலார் தகடுகள். காமிரா மெதுவாக நகர்கிறது.]

இப்போது என் 15,000. 2023 நினைவிருக்கிறதா? ஒரு நாளைக்கு இரண்டு தடவை, மூன்று தடவை மின்சாரம் போன காலம். அரசு ஒரு சலுகை கொடுத்தது: 2023 மார்ச் 1 முதல் 2024 பிப்ரவரி 29 வரை வீட்டுக் கூரையில் புதிய சோலார் தகடு போட்டால், தகட்டு விலையில் 25 சதவீதம், அதிகபட்சம் 15,000 ராண்ட், உங்கள் வரியில் கழியும். தகட்டுக்கு மட்டும்தான். இன்வெர்ட்டருக்கு இல்லை, பேட்டரிக்கு இல்லை, பொருத்துக்கூலிக்கு இல்லை. இருட்டில் வெளிச்சம் தருவது பேட்டரிதானே என்று கேட்காதீர்கள். மின்சாரம் உற்பத்தி செய்கிறவனுக்குத்தான் பரிசு, சேமித்து வைக்கிறவனுக்கு இல்லை என்பது அவர்கள் கணக்கு. நியாயந்தான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

போட்டேன். எட்டுத் தகடு. பொருத்தியவர் நல்லவிதமாகத்தான் வேலை செய்தார், இன்றுவரை ஒரு தகடும் ஆடவில்லை. மின் பாதுகாப்புச் சான்றிதழும் தேதியோடு கொடுத்தார். ஆனால் பில்லில் ஒரே வரி: "சோலார் அமைப்பு, முழுவதும்". கீழே மொத்தத் தொகை. தகட்டு விலை தனியாகக் காட்டப்பட்ட பில் வேண்டும் என்பது விதி. போன் செய்தேன். "நாளைக்கு அனுப்புகிறேன் அக்கா" என்றார். நான்கு நாளை ஆயிற்று. பிறகு போனே எடுக்கவில்லை. அவர் பெயரைச் சொல்லமாட்டேன், பிள்ளைகுட்டிக்காரர். இரண்டாவது பக்கமாக ஒரு காகிதம் இருந்திருந்தால் 15,000 ராண்ட் என் கையில். மகனுக்கு அப்போது ஒரு லேப்டாப் வேண்டியிருந்தது, தெரியுமா?

இதே காலத்தில் தொழில் நிறுவனங்களுக்கு என்ன கிடைத்தது தெரியுமா? சோலாருக்குச் செலவழித்ததில் 125 சதவீதத்தை முதல் ஆண்டிலேயே வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். 100 ராண்ட் செலவு செய்தால் 125 செலவு செய்ததாகக் கணக்கு! எனக்குப் பள்ளிக்கூடத்தில் இந்தக் கணக்கைச் சொல்லித் தரவில்லை. வீட்டுக்காரருக்கு வைத்த உச்சவரம்பும் அவர்களுக்கு இல்லை.

"இதெல்லாம் ஒரு வரியா?" என்று என் பாட்டியின் பாட்டி சிரித்திருப்பார். டர்பன் இருக்கிற இந்த நேட்டாலுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பாமலும், மறுபடி கூலிக்குப் போகாமலும் இங்கேயே இருக்க நினைத்தால், 1895-ம் ஆண்டுச் சட்டப்படி வருடத்துக்கு 3 பவுன் வரி. முதலாண்டுக் கூலி மாதம் 10 ஷில்லிங். 3 பவுன் என்றால் 60 ஷில்லிங். ஆறு மாதம் முதுகு ஒடிந்த கூலி, இந்த மண்ணில் நிற்பதற்கு மட்டும்! முதலில் 25 பவுன் கேட்டார்களாம், அன்றைய பிரிட்டிஷ் இந்திய அரசு பேசி 3 ஆக்கியது. பிறகு வயது வந்த பிள்ளைகள் தலையிலும் வைத்தார்கள், பையனுக்கு 16, பெண்ணுக்கு 13 வயது என்று. 1913-ல் சுரங்கமும் கரும்புத்தோட்டமும் வேலைநிறுத்தத்தில் நின்றதற்கு இந்த வரிதான் பெரிய காரணம். அந்தப் போராட்டத்தில் சிறை சென்று, நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தாள் தில்லையாடி வள்ளியம்மை. வயது 16. அந்த ஆண்டே வரி ஒழிந்தது. ஒரு வரியைப் பற்றி ஊர் வாய் திறந்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டாம்.

[திரையில்: வீட்டு வரி பில், முகவரி மறைக்கப்பட்டிருக்கிறது.]

வீட்டு வரி. நகராட்சி உங்கள் வீட்டுக்கு ஒரு சந்தை விலை போடும். அதை ராண்டுக்கு இத்தனை சென்ட் என்ற விகிதத்தால் பெருக்கினால் வரி. விலை கூடுதலாகத் தெரிந்தால் மதிப்பீட்டுப் பட்டியல் வெளியானதும் ஆட்சேபம் எழுதலாம். குறைந்தது 30 நாள் அவகாசம் சட்டப்படி உண்டு. ஆனால் ஆட்சேபம் எழுதிவிட்டோம் என்று கட்டாமல் இருக்கமுடியாது. இன்னொரு வேடிக்கை: வீட்டு வரிமேல் வாட் இல்லை. அதே பில்லில் வருகிற தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் குப்பைக்கும் உண்டு.

ஓய்வூதியக்காரர்களுக்கு வீட்டு வரியில் தள்ளுபடி உண்டு. டர்பனில் உண்டு, வேறு பல நகராட்சிகளிலும் உண்டு. ஆனால் விண்ணப்பம் போடவேண்டும். முடிந்து வைக்கச் சொன்னேனே "தானாக", அதை இப்போது அவிழ்த்துப் பாருங்கள். அம்மாவுக்கு 76 வயது. வரித்துறைக்கு அவர் வயது தெரிகிறது. நகராட்சிக்கு அவரே படிவத்தில் எழுதிச் சொன்னால்தான் தெரிகிறது. எனக்கு இது விளங்கவேயில்லை. நாங்களும் பல வருடம் கேட்கவில்லை, தவறு எங்கள்மேல்தான். கேட்கத் தெரிந்தவனுக்குத் தள்ளுபடி, தெரியாதவனுக்கு முழு வரி என்றால், அந்தச் சலுகை படிவம் நிரப்பத் தெரிந்தவனுக்குக் கொடுத்ததே தவிர முதியவருக்குக் கொடுத்ததல்ல. உங்கள் தெருவில் 65 கடந்தவர் யாராவது இருந்தால், இந்த வீடியோவை நிறுத்திவிட்டுப் போய்க் கேளுங்கள்: "படிவம் போட்டீர்களா?" லைக் பிறகு போடலாம்.

இந்த விதிகளை யார் மாற்றுவது? நகர சபை. ஈத்தெக்வினி என்கிற எங்கள் டர்பன் நகராட்சியில் 222 உறுப்பினர்கள். 111 பேர் வார்டிலிருந்து, மீதிப் பாதி கட்சிப் பட்டியலிலிருந்து. 2021 நவம்பர் 1 தேர்தலில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. நாடு முழுக்கப் பதிவு செய்தவர்களில் பாதிப்பேர்கூட வாக்களிக்கவில்லை. ஜனாதிபதி யார் என்று மணிக்கணக்காகச் சண்டை போடுகிற என் மாமா, தன் வார்டு எண்ணைக் கேட்டால் மனைவியைத் திரும்பிப் பார்க்கிறார்.

அடுத்த முறை வாக்குக் கேட்டு யாராவது உங்கள் வாசலுக்கு வந்தால், பள்ளம், விளக்கு என்று பழைய பாட்டைப் பாடவிடாதீர்கள். ஒன்றே ஒன்று கேளுங்கள்: முதியோர் தள்ளுபடியைத் தானாகக் கழிக்க வைப்பீர்களா, மாட்டீர்களா? நான் கேட்கப்போகிறேன். பதிலைக் காமிராவில் பிடித்துப் போடுகிறேன். எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி.

[திரையில்: மீண்டும் அடுப்பு. குழம்பு தளதளவெனக் கொதிக்கிறது.]

அம்மா கூப்பிடுகிறார். பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார், குழம்புக்குத் தொட்டுக்கொள்ள வெள்ளை ரொட்டியா, பழுப்பு ரொட்டியா என்று. வெள்ளைதான் அம்மா. வரி நான் கட்டிவிட்டேன்.