ஏழை சொல்லை அம்பலம் ஏற்றியவர்

(நீதியரசர் வி.ஆர்.கிருஷ்ணய்யர் நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

இந்த விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் வழக்கறிஞர் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி அமர்ந்திருக்கும் சட்டக் கல்லூரிப் பேராசிரியர் அம்மா அவர்களே, மூத்த வழக்கறிஞர் பெருமக்களே, இடம் கிடைக்காமல் பின்னால் நின்றுகொண்டிருக்கும் இளம் வழக்கறிஞர்களே, குமாஸ்தா நண்பர்களே, சட்ட உதவித் தன்னார்வலர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

தலைவர் ஐயாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் தொடங்கினால் அது முறையாகாது. அவர் மாஜிஸ்திரேட்டாக இருந்த காலத்தில் ரிமாண்டுக்காகக் கொண்டுவந்து நிறுத்தப்படும் ஒவ்வொருவரிடமும் "சாப்பிட்டாயா? யாராவது அடித்தார்களா? வீட்டுக்குத் தகவல் சொன்னார்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுப்பார். அந்த மூன்று கேள்விக்காகவே சாயங்காலம் வரை கோர்ட்டில் காத்திருந்த வக்கீல்களில் நானும் ஒருவன். இந்த நிகழ்ச்சிக்கு இவரைவிடப் பொருத்தமான தலைவர் கிடைக்க மாட்டார். செயலாளர் அவர்கள் அழைப்பிதழ் அச்சடிப்பதிலிருந்து நாற்காலி போடுவது வரை தாமே நின்று பார்த்திருக்கிறார். அவருக்கும் என் நன்றி.

கிருஷ்ணய்யரைப் பற்றி மூன்று செய்திகள் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று, அவருடைய நூறாண்டு வாழ்க்கை. இரண்டு, ஜாமீன் பற்றி அவர் எழுதிய தீர்ப்பு. மூன்று, ரத்லாம் நகராட்சி வழக்கும் சுற்றுச்சூழலும்.

என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் அடிக்கடி சொல்லும் பழமொழியும் தெரியும். ஏழை சொல் அம்பலம் ஏறாது. நம் முன்னோர் பார்த்து, அனுபவித்து, வயிறெரிந்து சொன்ன சொல் அது. அதைப் பொய்யாக்குவதற்கென்றே ஒரு மனிதர் நூறு வருஷம் வாழ்ந்தார்.

1914 நவம்பர் 15 அன்று பாலக்காட்டுப் பக்கம் வைத்தியநாதபுரத்தில் பிறந்தவர். அன்றைக்கு அது சென்னை மாகாணம். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தார், சென்னைச் சட்டக் கல்லூரியில் சட்டம் முடித்தார். தலச்சேரியில் தொழிலைத் தொடங்கினார். கூலிக்காரர்கள், குத்தகை விவசாயிகள், தொழிற்சங்கக்காரர்கள் என்று மற்றவர்கள் எடுக்கத் தயங்கிய வழக்குகளைத் தேடி எடுத்தார். கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று சொல்லி 1948இல் அவரையே பிடித்து ஒரு மாதம் உள்ளே வைத்தார்கள். இளம் வழக்கறிஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பின்னாளில் உச்ச நீதிமன்றத்தில் உட்கார்ந்து சிறைகளைப் பற்றி அவர் எழுதியபோது, சிறைக்குள் ஒரு ராத்திரி எவ்வளவு நீளம் என்று தெரிந்து எழுதினார்.

1952இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினர். 1957இல் கேரளத்தில் முதலமைச்சர் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அமைச்சரவையில் சட்டம், உள்துறை, சிறை, பாசனம், மின்சாரம் என்று பல துறைகளுக்கு மந்திரி. ஒரு மாதம் சிறைவாசம் செய்தவர் சிறைத்துறை மந்திரியாக வந்தார். 1968இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி, அப்புறம் சட்ட ஆணையத்தின் உறுப்பினர், 1973 ஜூலையிலிருந்து 1980 நவம்பர் வரை உச்ச நீதிமன்ற நீதிபதி.

1975 ஜூன் 24. இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்புக்குத் தடை கேட்டு வந்த மனு, விடுமுறைக் கால நீதிபதியாக இருந்த இவர் முன் வந்தது. அந்தச் சமயத்தில் சட்ட மந்திரி நேரில் பார்க்க வரலாமா என்று தொலைபேசியில் கேட்டதாகவும், மனு போடுவதென்றால் பதிவாளரிடம் போடுங்கள், என்னைப் பார்க்க வேண்டியதில்லை என்று தாம் பதில் சொன்னதாகவும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். நாட்டின் பிரதமருக்காக வந்த அழைப்புக்கு அந்தப் பதில்! கடைசியில் நிபந்தனையோடுதான் தடை கொடுத்தார். பிரதமர் சபையில் உட்காரலாம், பேசலாம். உறுப்பினராக ஓட்டுப் போட முடியாது. மறுநாள் ராத்திரி நெருக்கடி நிலை வந்தது. இதைப் பேசத் தொடங்கினால் விடிந்துவிடும், இத்தோடு விடுகிறேன்.

இப்போது ஜாமீன் வழக்குக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல அனுமதிக்க வேண்டும்.

மத்தியப் பிரதேசத்தில் மோத்தி ராம் என்று ஒரு கொத்தனார். கிரிமினல் வழக்கில் மாட்டி உச்ச நீதிமன்றம் வரை மேல்முறையீடு வந்துவிட்டது. மேல்முறையீடு முடியும்வரை அவரை ஜாமீனில் விடலாம் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. மாஜிஸ்திரேட் திருப்திப்படும்படி ஜாமீன் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று சொன்னது. நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றமே சொல்லியாகிவிட்டது, இனி என்ன, சிறைக் கதவு திறக்க வேண்டியதுதானே? திறக்கவில்லை.

மாஜிஸ்திரேட் என்ன செய்தார்? பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் வேண்டும் என்றார். எழுபதுகளில் பத்தாயிரம் ரூபாய்! நாள் கூலிக்குக் கல் அடுக்குகிற மனிதரிடம். சரி, கூடப் பிறந்த அண்ணன் தம்பிதானே உதவ வேண்டும்? சகோதரர் வந்தார். "நான் ஜாமீன் நிற்கிறேன்" என்றார். "உன் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, நீயும் வேறு மாவட்டத்துக்காரன், செல்லாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். டெல்லியில் கிடைத்த விடுதலை மாவட்ட எல்லையில் மாட்டிக்கொண்டது. வெளியே தம்பிக்காகவோ அண்ணனுக்காகவோ ஒருவர் கையில் காகிதத்தோடு நிற்கிறார். உள்ளே மோத்தி ராம் உட்கார்ந்திருக்கிறார். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது இதுதான். அம்பலமே கூப்பிட்டு "நீ போகலாம்" என்று சொன்ன பிறகும் அவர் போக முடியவில்லை.

மோத்தி ராம் மறுபடியும் உச்ச நீதிமன்றத்துக்கே வந்தார். 1978இல் கிருஷ்ணய்யர் எழுதிய அந்தத் தீர்ப்பை இங்கே இருக்கும் ஒவ்வொரு இளம் வழக்கறிஞரும் ஒரு முறையாவது முழுசாகப் படிக்க வேண்டும். ஒரு கொத்தனாரிடம் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்பது மனசாட்சியை உலுக்குகிறது என்று எழுதினார். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டார். ஒரு மலையாளியோ, கன்னடரோ, தமிழரோ, ஆந்திரரோ பஸ்தாரிலோ போர்ட் பிளேயரிலோ பஹல்காமிலோ சாந்தினி சௌக்கிலோ கைதானால் என்ன செய்வார்? அந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார்? இந்தியா ஒரே நாடு, ஒன்றை ஒன்று தீண்டாமல் ஒதுங்கி நிற்கும் மாவட்டங்களின் மூட்டை இல்லை என்றார். மோத்தி ராமை ஆயிரம் ரூபாய்க்கு அவருடைய சொந்தப் பிணைப் பத்திரத்திலேயே விடச் சொன்னார். ஜாமீன்தாரரும் வேண்டாம், சொத்துச் சான்றும் வேண்டாம்.

தமிழர் என்று அவர் எழுதியதைக் கவனித்தீர்களா? அவர் கவலைப்பட்டது வெளியூரில் மாட்டிக்கொண்ட நம் ஆட்களுக்காக. இன்றைக்கு அந்தக் கேள்வி திரும்பி நம் கோர்ட்டு வாசலுக்கே வந்து நிற்கிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து நமக்கு வீடு கட்டித் தருகிற பையன் ஒருவன் செல்போன் திருட்டு வழக்கில் கைதாகிறான். ஜாமீன் உத்தரவு வருகிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது? இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும், ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும். போட்டோ ஒட்ட வேண்டும், இடது கைப் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும், ஆதார் நகல் கொடுக்க வேண்டும். ரத்த உறவு எங்கே இருக்கிறது? ரயிலில் இரண்டு நாள் தூரத்தில். அந்த அம்மா டிக்கெட்டுக்குக் கடன் வாங்கி வந்து, மொழி தெரியாமல், எந்தக் கோர்ட்டு எந்த மாடி என்று தெரியாமல் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி வந்து சேரும்போது அன்றைக்கு மாஜிஸ்திரேட் விடுப்பு என்பார்கள்.

நம் ஊர்க்காரனுக்கு மட்டும் சுலபமா என்றால் அதுவும் இல்லை. கூலி வேலை செய்கிறவனுக்கு யார் வந்து சொத்து வரி ரசீதைக் காட்டி ஜாமீன் நிற்பார்கள்? கடைசியில் கோர்ட்டு வாசலில் காசு வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கிறவர்களிடம்தான் போகிறான். சட்டமே அவனை அங்கே தள்ளிவிடுகிறது. இதை மாற்ற வேண்டும் என்பதுதான் நான் போகிற மேடையிலெல்லாம் கேட்பது.

சட்டம் இல்லாமல் இல்லை. ஜாமீன் தரக்கூடிய குற்றத்தில் கைதான ஒருவர் ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரர் கொடுக்க முடியவில்லை என்றால் அவரை ஏழை என்றே கருதி சொந்தப் பத்திரத்தில் விட வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே போகவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர், இலவசச் சட்ட உதவி தருகிற மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தகவல் தர வேண்டும். ஒரு மாதம் ஆகியும் போகவில்லை என்றால் நீதிமன்றமே வழக்கை எடுத்து நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர் என்று அடம்பிடிக்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறது. 1978இல் கிருஷ்ணய்யர் சொன்னதை 45 வருஷம் கழித்து உச்ச நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. நம் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூவர் இன்னும் விசாரணைக் கைதிகள்தான். குற்றவாளி என்று யாரும் தீர்ப்புச் சொல்லாதவர்கள்.

இதே மனிதர்தான், திகார் சிறையிலிருந்து சுனில் பத்ரா என்ற மரண தண்டனைக் கைதி, இன்னொரு கைதியை வார்டர் சித்திரவதை செய்ததைப் பற்றி எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு தீர்ப்பு எழுதினார். வக்கீல் இல்லை, வக்காலத்து இல்லை, முத்திரைத்தாள் இல்லை. ஒரு கடிதம். அன்றைக்கு ஏழை சொல் அம்பலம் ஏறியது. கடன் கட்ட வழியில்லாதவரை அந்த ஒரு காரணத்துக்காகச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்று 1980இல் எழுதியவரும் இவரே. வெளியுறவுப் பணியில் பெண் என்பதால் பதவி உயர்வு மறுக்கப்பட்ட முத்தம்மா அம்மையார் வழக்கில் அவர் எழுதியதைப் பேராசிரியர் அம்மா அழகாகச் சொல்லிவிட்டார்கள், அதனால் நான் மறுபடி சொல்லவில்லை.

இலவசச் சட்ட உதவி என்று இன்றைக்கு நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். அதற்கு வரைபடம் போட்டுக் கொடுத்த குழுவுக்கு எழுபதுகளின் தொடக்கத்தில் தலைமை தாங்கியவர் இவர். அப்புறம்தான் ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி தரச் சொல்லும் 39ஏ பிரிவு அரசமைப்புச் சட்டத்தில் வந்தது. 1987இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் நிறைவேறியது, 1995 நவம்பர் 9 அன்று அமலுக்கு வந்தது. அந்தச் சட்டம் நிறைவேறிய அதே 1987இல் அவர் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று ஆர்.வெங்கட்ராமனிடம் தோற்றார். தோற்றவர் கொச்சியில் வீட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மனுவோடு வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பணி ஓய்வுக்குப் பிறகு 34 வருஷம். அது நீதிபதியாக இருந்த காலத்தைவிட நீளம் என்பதை ஓய்வுபெறப்போகிற நண்பர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். நூறு வயது நிறைந்து மூன்று வாரத்தில், 2014 டிசம்பர் 4 அன்று மறைந்தார்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ரத்லாம் வழக்கை இன்னொரு கூட்டத்தில் பேச வாய்ப்புத் தர வேண்டும். இப்போது என் கோரிக்கையைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாமல் இருப்பவர்களின் பட்டியலை மாதா மாதம் நீதிமன்ற வளாகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். பெயர் வேண்டாம் என்றால் வழக்கு எண் போதும், உத்தரவு வந்த தேதி போதும். அப்படி ஒட்டினால் இங்கே நிற்கும் இளம் வழக்கறிஞர்கள் ஆளுக்கு ஒரு வழக்கை எடுத்து, நிபந்தனையைத் தளர்த்த மனு போட முடியும். கட்டணம் யாரும் கேட்கப் போவதில்லை. ரத்த உறவு ஜாமீன் என்ற நிபந்தனையை வெளிமாநிலத் தொழிலாளிகளுக்குப் போட வேண்டாம் என்று நம் சங்கம் ஒரு தீர்மானம் நிறைவேற்றி மாவட்ட நீதிபதி அவர்களிடம் கொடுக்க வேண்டும். தீர்மானத்தின் வரைவைச் சங்கத் தலைவர் கையில் இப்போதே தருகிறேன். சட்ட உதவிக்கான இலவசத் தொலைபேசி எண் 15100. குமாஸ்தா நண்பர்கள் அதைத் தங்கள் மேசையில் எழுதி ஒட்டி வைத்தால் பெரிய உதவி.

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். மாதம் ஒரு நாள் சிறைக்குச் சென்று கைதிகளைப் பார்க்க முன்வருகிற வழக்கறிஞர்கள் அதில் பெயரும், எந்தக் கிழமை வசதி என்பதும் எழுத வேண்டும். முதல் பக்கத்தில் தலைவர் ஐயா ஏற்கெனவே எழுதிவிட்டார். அவர் கேட்டிருப்பது திங்கட்கிழமை. நன்றி, வணக்கம்.