கூடம் கோணலா? நல்ல வீடியோ கேம் எது?
(சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, சிறப்பு விருந்தினராக வந்து முன்வரிசையில் வீற்றிருக்கும் மாண்புமிகு நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களே, இந்திய நற்பணிச் செயற்குழுவின் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களே, தமிழாசிரியப் பெருமக்களே, பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் கேம் வடிவமைப்புப் படிக்கும் தம்பி தங்கைகளே, பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோரே, அனைவருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை மாலையை எங்களுக்காக ஒதுக்கிய நாடாளுமன்ற உறுப்பினருக்கு நன்றி. காலையிலிருந்து நாற்காலி போட்டு, ஒலிபெருக்கி கட்டி, திரை தூக்கி நிறுத்திய தொண்டூழியர்களுக்கு அதைவிடப் பெரிய நன்றி.

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பார்கள். பழமொழி ஆடுகிறவளைக் கேள்வி கேட்கிறது. நான் கூடத்தைக் கட்டியவரைக் கேட்க வந்திருக்கிறேன். தோற்றவர் 'கூடம் கோணல்' என்று சொல்ல இடமே இல்லாமல் கட்டப்பட்டதுதான் நல்ல கேம். செத்த மறுநொடியே 'நான்தான் தாமதமாகத் தாவினேன்' என்று அவருக்கே விளங்க வேண்டும். விளங்கினால் மறுபடி ஆடுவார். விளங்காவிட்டால் கைப்பேசியிலிருந்து நீக்கிவிடுவார். இதை நான்கு தலைப்பில் பேசுகிறேன்: கை, கற்பித்தல், பணம், எழுத்து.

முதலில் கை. திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட்டால் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரையில் வரும் ஒரு படத்துக்கு, சுமார் 16.7 மில்லிவினாடி. பாறை விளிம்பைக் கண் பார்த்து, விரல் பொத்தானை அழுத்துவதற்குள் கேமில் வரும் பாத்திரம் சில ஃபிரேம் தாண்டிக் காற்றில் நிற்கும். கணக்குப்படி அது விழ வேண்டும். ஆனால் ஆடுபவர், 'நான் அழுத்தினேனே!' என்பார். அதனால் விளிம்பைத் தாண்டிய பிறகும் கொஞ்ச நேரம் தாவ விடுவார்கள். வடிவமைப்பாளர்கள் இதைக் கயோட்டி டைம் என்பார்கள். 2018இல் வந்த செலஸ்ட் கேமில் இது 0.1 நொடி, அதாவது 6 ஃபிரேம். அதேபோல் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் அழுத்திய தாவலையும் நினைவில் வைத்து, தொட்டவுடன் தாவவைக்க வேண்டும்.

மாணவர் கேம்களில் அடிக்கடி காணும் பிழை ஒன்று உண்டு. நகர்வை நேரத்தோடு பெருக்காமல் ஃபிரேமோடு கட்டிவிடுகிறார்கள். 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் சரியாக ஓடுவது 144 ஹெர்ட்ஸ் திரையில் 2.4 மடங்கு வேகத்தில் பறக்கும். டெல்டா டைமால், அதாவது முந்தைய ஃபிரேமிலிருந்து கடந்த நேரத்தால் பெருக்குங்கள், சரியாகிவிடும். வீட்டில் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடுபவர்கள் அமைப்புகளில் 'கேம் மோடு' போடுங்கள். படத்தை மெருகேற்றும் வேலையால் வரும் தாமதம் குறையும்.

அடுத்தது கற்பித்தல். இதற்கு 1985இல் நிண்டெண்டோ வெளியிட்ட சூப்பர் மாரியோ பிரதர்ஸின் முதல் கட்டம் ஒன்றே போதும். மியாமோட்டோவும் தெசுக்காவும் வடிவமைத்தது. திரையைக் கண்முன் கொண்டுவாருங்கள். மாரியோ இடப்பக்கம் நிற்கிறான். வலப்பக்கம் வெட்டவெளி. எந்தப் பக்கம் போவதென்று யாரும் சொல்லவில்லை, ஆனால் எல்லாரும் வலப்பக்கம்தான் போகிறோம். கேள்விக்குறி போட்ட பெட்டி ஒன்று மின்னுகிறது. எதிரே முறைத்த முகத்தோடு கூம்பா என்ற எதிரி மெதுவாக வருகிறது. தாவாமல் நின்றால் சாவு. போனதோ சில நொடிகள்தான், கட்டத்தின் தொடக்கத்திலேயே மறுபடி நிற்கிறோம். இம்முறை தாவுகிறோம். தாவும்போது தலை பெட்டியில் இடிக்கிறது, காசு வருகிறது. 'ஓ, பெட்டியை இடிக்கலாமா!' அடுத்த பெட்டியை இடித்தால் காளான் வருகிறது. அதுவும் கூம்பாவைப் போலவே உருண்டைத் தலை. ஆடுபவருக்குப் பயம். நல்லவேளை, அது வலப்பக்கம் ஓடிவிடுகிறது. ஓடிய காளான் பச்சைக் குழாயில் முட்டுகிறது, திரும்புகிறது, நம்மை நோக்கி வருகிறது! தப்பிக்கத் தாவினால் மேலே செங்கல் வரிசை, தலை இடித்து அப்படியே காளான்மேல் விழுகிறோம். மாரியோ வளர்கிறான்! பயந்து ஓடியவருக்கும் பரிசு கிடைக்கும்படி செங்கல்லை அடுக்கியிருக்கிறார்கள். அதே கட்டத்தில் பின்னால் இரண்டு படிக்கட்டுகளுக்கு இடையே தாவ வேண்டும், அங்கே கீழே தரை இருக்கிறது, விழுந்தாலும் சாவதில்லை. அதைத் தாண்டினால் அதே மாதிரிப் படிக்கட்டு, நடுவே அடியில்லாப் பள்ளம். முதலில் பயிற்சி, பிறகு தேர்வு. ஒரு வரி விளக்கம் எழுதவில்லை. இத்தனையும் 40 கிலோபைட் கேம் அட்டைக்குள்! மேகத்தையும் புதரையும் ஒரே படத்தை நிறம் மாற்றி வரைந்து இடத்தை மிச்சம்பிடித்தார்கள்.

பணம் பற்றிப் பெற்றோருக்கு ஒன்று மட்டும்: என்ன கிடைக்கும் என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் பரிசுப்பெட்டி இருந்தால், வாங்கும் கணக்குக்குக் கடவுச்சொல் போடுங்கள். மற்றதை இன்னொரு மேடையில் பேசலாம், ஏனென்றால் நான் பேச வந்தது எழுத்தைப் பற்றி.

நம் நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று தமிழ். கேமின் மொழித் தேர்வில் அதைக் காண்பது அரிது. தமிழ்க் கதைக்கு உலகில் இடமில்லையா? 2023இல் தொரொந்தோவிலிருந்து வந்த 'வெண்பா' என்ற கேமில், கனடாவில் குடியேறிய தமிழ்த் தாய் சிதைந்த சமையல் குறிப்பைப் பார்த்து, விடுபட்டதை ஊகித்துச் சமைக்கிறாள். அதற்கு 2024இல் பாஃப்டா என்ற பிரிட்டிஷ் கலை அமைப்பின் முதல் படைப்புக்கான விருது கிடைத்தது. கதைக்கு இடம் இருக்கிறது. திரையில் எழுத்துதான் உடைகிறது.

'கொ' என்பதன் குறி எழுத்தின் இருபுறமும் வர வேண்டும். கேம் செய்யும் மென்பொருளை எஞ்சின் என்பார்கள். அவற்றில் ஒன்றான யூனிட்டியில், எழுத்தைத் திரையில் காட்டப் பலரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் புரோ இந்த அடுக்குவேலையைத் தானாகச் செய்வதில்லை. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 2023இல் வந்த கோடோ 4 என்ற எஞ்சின், எழுத்தை அடுக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல்தொகுப்பைக் கொண்டு இதைச் சரியாகச் செய்கிறது. புதிதாகத் தொடங்குவோர் அதிலேயே தொடங்குங்கள். எழுத்து ஒவ்வொன்றாகத் தோன்றும் வசனப்பெட்டியில், 'க', 'ி' என்று கணினிக் குறியீட்டை ஒவ்வொன்றாக எண்ணாதீர்கள். 'க' வந்து, கண்முன்னே 'கி' ஆகும். முழு எழுத்தாக எண்ணுங்கள். 8க்கு 8 பிக்சல் புள்ளிக் கட்டத்தில் ஆங்கிலம் அடங்கும். 'ணை', 'ளூ' அடங்காது. உயரம் குறைந்தது 16 வையுங்கள்.

இன்னொன்று, மொழிபெயர்ப்பாளரே தவறவிடுவது. பொருளின் பெயரை வாக்கியத்துக்குள் நிரல் தானாக ஒட்டும். 'மரம்' என்பதோடு 'ஐ' ஒட்டினால் 'மரம்ஐ எடுத்தாய்' என்று வந்து நிற்கும். 'வாள்ஐ' என்று வரும். 'எடுத்த பொருள்: மரம்' என்று பெயர் தனித்து நிற்கும்படி வாக்கியத்தை மாற்றுங்கள். அல்லது ஒவ்வொரு பொருளுக்கும் 'மரத்தை', 'வாளை' என்று இரண்டாவது வடிவத்தையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

கூடம் கோணல் என்று நம் பிள்ளை தமிழ் கேமைப் பார்த்துச் சொன்னால், அந்தப் பிள்ளையை நான் கண்டிக்க மாட்டேன். அங்கே கூடம் உண்மையிலேயே கோணல். நிமிர்த்த வேண்டியவர்கள் இந்த அரங்கில்தான் இருக்கிறோம்.

ஆகவே என் வேண்டுகோள். ஏப்ரலில் தமிழ்மொழி விழா வருகிறது. கல்லூரித் திட்டப்பணியாகக் கேம் செய்யும் ஒவ்வொரு மாணவர் குழுவும் அதில் தமிழ்த் தேர்வு ஒன்றைச் சேர்க்க வேண்டும். பெரிய கதை வேண்டாம், பட்டியல், பொத்தான், வசனம் எல்லாம் சேர்த்து 200 வரிக்குள் போதும். ஆசிரியர்கள் அந்த வரிகளைத் தாளில் படிக்காமல், திரையில் ஓடும்போது ஒருமுறை படித்துத் திருத்தித் தர வேண்டும். செயற்குழுத் தலைவர் அவர்கள் பெரிய மனத்தோடு, குழுக்கள் ஒன்றுகூடிச் சோதித்துப் பார்க்க இந்த அரங்கை ஒரு சனிக்கிழமை திறந்துவிட வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். பெயர்ப் பட்டியல் பின்வாசல் மேசையில் இருக்கிறது. குழுவின் பெயர், பயன்படுத்தும் எஞ்சின், மொத்தம் எத்தனை வரி, இந்த மூன்றையும் எழுதிவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.