லயத்துக்குள் வந்த காகிதம்

வணக்கம்.

இலங்கைத் தோட்டத் தொழிலாளருக்காகப் பாடுபட்ட கோ. நடேசய்யரைப் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டபோது, "தொழிற்சங்கத் தலைவராகவா, சட்டசபை உறுப்பினராகவா?" என்று கேட்டேன். "உங்கள் இஷ்டம்" என்றார்கள். சரி, என் இஷ்டத்துக்கே பேசுகிறேன். நான் மலைநாட்டில், ஹட்டனில் ஓர் அச்சகத்தில் பல வருஷம் ஈய எழுத்துக் கோர்த்தவன். ஒருமுறை கோர்த்து முடித்த முழுப் பக்கத்தைத் தூக்கும்போது கை நழுவித் தரையில் கொட்டிவிட்டேன். விடியும்வரை உட்கார்ந்து லகரத்தையும் ளகரத்தையும் பொறுக்கினேன். பத்திரிகை என்றால் எனக்கு அந்த ராத்திரிதான் நினைவுக்கு வரும். அதனால் நடேசய்யர் எனக்கு முதலில் பத்திரிகைக்காரர், மற்றதெல்லாம் அப்புறம்.

அவர் 1887இல் தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்தவர். அங்கே 'வர்த்தகமித்திரன்' என்ற பத்திரிகையை நடத்தினார். பெயரைக் கேட்டாலே தெரியும், வியாபாரிகளுக்கான பத்திரிகை. அந்தப் பத்திரிகைத் தொடர்பிலேதான் இலங்கைக்கும் வந்தார். வந்த இடத்தில், தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்த ஜனங்களின் கதை காதில் விழுந்தது. கேள்விப்பட்டதோடு நிற்கவில்லை, நேரில் பார்க்கப் புறப்பட்டார். அந்தக் காலத்தில் வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் என்று வழக்குப் போடலாம். புடவை வியாபாரிக்கு மட்டும் தடை இல்லை. ஆகவே நடேசய்யர் புடவை வியாபாரியாக வேஷம் கட்டி லயத்துக்குள், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குள் போனார். இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன்திண்ணையில், மூட்டையை அவிழ்த்துச் சேலையை விரித்துப் போட்டுவிட்டு, காது கொடுத்துக் கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். செய்தி சேகரிக்க அதைவிட நல்ல இடம் எங்கே இருக்கிறது? சேலை பார்க்கிற சாக்கில் பெண்கள் பேசாத விஷயமா!

1921இல் கொழும்பில் 'தேசநேசன்' தொடங்கியது. இலங்கையின் முதல் தமிழ் நாளிதழ் என்று சொல்லப்படுவது அதுதான். 1924இல் 'தேசபக்தன்'. இரண்டுக்கும் அவர்தான் ஆசிரியர். 'சிட்டிசன்' என்று ஆங்கிலத்திலும் ஒன்று நடத்தினார். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் தொரைமாருக்கும் விளங்க வேண்டுமே.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். யாருக்காக எழுதினாரோ அவர்களில் பெரும்பாலானோருக்கு வாசிக்கத் தெரியாது. அதுமட்டுமல்ல, காகிதத்தைக் கண்டாலே அவர்களுக்குப் பயம். காரணம் 'துண்டு' என்ற கடன் சீட்டு. இளவட்டங்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். தொழிலாளி ஒருவர் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவர் தலையில் எவ்வளவு கடன் இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். புதுத் தோட்டம் அந்தப் பணத்தைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் தீர்ந்ததா என்றால் இல்லை, இடம் மாறியது, அவ்வளவுதான். கப்பல் ஏறிய செலவு, அரிசி, கம்பளி, ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணியின் கைமாற்று என்று எல்லாம் அந்தச் சீட்டில் ஏறும். என்ன ஏறியிருக்கிறது என்று சம்பந்தப்பட்டவருக்கு வாசிக்கத் தெரியாது. 'தேசநேசன்' வந்த அதே 1921இல் துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது. ஆனால் பயம் சட்டம் போட்டா ஒழியும்?

அப்படிப்பட்ட ஜனங்களிடம் இன்னொரு காகிதத்தை நீட்டினார் நடேசய்யர். அந்த லயத்தில் எழுத்துத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும். பெரட்டு என்ற காலை ஆள்கணக்கு, மலையில் வேலை, கொழுந்து நிறுவை எல்லாம் முடிந்து, இருட்டினபிறகு, குப்பி விளக்கடியில் அவர் வாசிக்க, மற்றவர்கள் குந்தியிருந்து கேட்பார்கள். என் தாத்தா அப்படிக் கேட்டவர்களில் ஒருவர். 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அப்போது நடேசய்யர் சட்டசபையிலும் இருந்தார். மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32 என்று பிறகு நிர்ணயித்தார்கள். தொகை பெரிதில்லைதான். ஆனால் 54 என்ற எண்ணைக் காதால் கேட்டுவைத்தவர், சம்பளத்தன்று கணக்கப்பிள்ளையின் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வியாவது கேட்கலாம்.

மனுஷர் லேசான ஆளில்லை. கொழும்பில் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவோடு சேர்ந்து தொழிற்சங்க வேலை செய்தார். இந்தியத் தொழிலாளர் விஷயத்தில் முரண்பட்டுப் பிரிந்தார். 1931இல் ஹட்டனுக்கு வந்து தோட்டத் தொழிலாளருக்கென்றே சம்மேளனம் அமைத்தார். பிறகு இங்கே இருந்த இந்திய வம்சாவளியினரின் அமைப்பான இலங்கை இந்தியர் காங்கிரஸோடும் ஒத்துப்போகவில்லை. யாரோடும் ரொம்ப நாள் ஒரே வண்டியில் போகிற சுபாவம் அவருக்கில்லை. அதில் அவருடைய பிழையும் உண்டு என்பது என் அபிப்பிராயம். ஆசிரியராக இருந்து பழகியவர், அடுத்தவர் எழுதியதைத் திருத்தாமல் விடமாட்டார்!

அவர் மனைவி மீனாட்சியம்மையைச் சொல்லாமல் விட்டால் பாதிக்கதைதான். 'தேசபக்தன்' பணியில் அந்த அம்மாவுக்கும் பெரிய பங்கு. கட்டுரை போய்ச் சேராத இடத்துக்குப் பாட்டுப் போகும் என்று தெரிந்து, ஜனங்களுக்குப் பழக்கமான மெட்டுகளில் தோட்டத்துத் துயரத்தைப் பாட்டாக எழுதினார், மேடையேறிப் பாடினார், சிறு புத்தகமாகவும் போட்டார். பெண் மேடையேறுவது அபூர்வமாக இருந்த காலம் அது.

1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து, பழைய சட்டசபைக்குப் பதிலாக வந்த அரசாங்க சபைக்குப் போன நடேசய்யர் 1947வரை அங்கே இருந்தார். அந்த வருஷம் நடந்த பொதுத்தேர்தலில் தோற்றார். நவம்பர் 7ஆம் திகதி காலமானார். அடுத்த வருஷம் குடியுரிமைச் சட்டம் வந்து, அவர் யாருக்காக எழுதினாரோ அவர்களை நாடற்றவர்களாக்கியது. இத்தனையும் இன்று நமக்குத் தெரிகிறதென்றால், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே பழைய காகிதங்களைத் தேடித் தேடி எழுதிய சாரல் நாடனுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

என் பாட்டியின் தகரப்பெட்டியில் பிறப்புச் சீட்டுகள், ஒரு பற்றுச்சீட்டு இவற்றுக்கு அடியில் மீனாட்சியம்மை போட்ட மாதிரி ஒரு பாட்டுப் புத்தகம் மடித்துக் கிடந்தது. அட்டை இல்லை. பாட்டிக்கு வாசிக்கத் தெரியாது. ஹட்டனில் ஏதோ கூட்டத்தில் ஓர் இளைஞன் கையில் திணித்தானாம். "வாங்குறப்பவே கேட்டுட்டேன்" என்பார். என்ன கேட்டீர்கள் என்றால், குரலைத் தாழ்த்திக்கொண்டு அன்று கேட்டதையே திரும்பச் சொல்லிக் காட்டுவார்:

"இதுல கடன் எதுவும் எழுதியிருக்கா தம்பி?"