கேபிள் டிவியை ஓடிடி விழுங்கிவிடுமா?

[திரையில்: கால்பந்து ஆட்டத்தின் கடைசி நிமிடம்]

ஓடிடியில் மேட்ச் பார்க்கிறீர்கள். உங்கள் திரையில் பந்து இன்னும் நடுக்களத்தில்தான் இருக்கிறது. அதற்குள் பக்கத்து வீட்டில் "கோல்!" என்று ஒரே கூச்சல். அவர்கள் வீட்டில் கேபிள்.

[அனிமேஷன்: ஒரே கம்பி, பல வீடுகள்]

கேபிளில் ஒரே சிக்னல்தான் எல்லா வீட்டுக்கும் ஒன்றாகப் போகிறது. பத்துப் பேர் பார்த்தாலும் பத்து லட்சம் பேர் பார்த்தாலும் அனுப்புகிறவருக்கு வேலை ஒன்றுதான். ஓடிடி வீடியோவைச் சில நொடித் துண்டுகளாக நறுக்கி, கேட்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புகிறது. நடுவில் நின்றுவிடாமல் இருக்க, நம் டிவியும் சில துண்டுகளைச் சேர்த்துவைத்துக்கொண்டுதான் ஓட்டத் தொடங்கும். அதனால்தான் கோல் தாமதமாக வருகிறது.

கூட்டம் கூடிவிட்டால் இன்னும் சிக்கல். 2024 நவம்பரில் மைக் டைசன், ஜேக் பால் குத்துச்சண்டையை நெட்ஃபிளிக்ஸ் நேரலையாகக் காட்டியது. குத்து விழுவதைப் பார்க்க உட்கார்ந்தவர்களில் பலர், திரை நடுவே வட்டம் சுற்றுவதைத்தான் பார்த்தார்கள்.

[திரையில்: வரைபடம், இரண்டு கோடுகள் குறுக்கிடுகின்றன]

ஆனாலும் ஜெயிப்பது ஓடிடிதான். அமெரிக்கக் கணக்கைப் பாருங்கள். அங்கே டிவி முன்னால் மக்கள் செலவிடும் நேரத்தை நீல்சன் என்ற ஆய்வு நிறுவனம் அளக்கிறது. 2022 ஜூலையில் ஓடிடி முதல் முறையாகக் கேபிளை முந்தியது: 34.8 சதவீதம், கேபிளுக்கு 34.4. 2025 மே மாதம் ஓடிடி 44.8-ஐத் தொட்டது. கேபிளையும் ஆன்டெனா சேனல்களையும் கூட்டினால்கூட 44.2தான். இதில் அதிக நேரம் ஓடியது நெட்ஃபிளிக்ஸ் இல்லை, யூடியூப்!

[திரையில்: மலைமேல் ஆன்டெனா, கறுப்பு வெள்ளை]

சரி, கேபிள் எதற்காக வந்தது? 1940-களின் கடைசியில், மலை மறைத்து சிக்னல் எட்டாத அமெரிக்கச் சிற்றூர்களில், உயரத்தில் ஓர் ஆன்டெனா நட்டு அங்கிருந்து வீடுகளுக்குக் கம்பி இழுத்தார்கள். அவ்வளவுதான். பார்க்காத சேனலுக்கும் சேர்த்துப் பணம் கட்டும் பேக்கேஜ் முறை பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. மக்கள் வெறுத்ததும் அதைத்தான், கம்பியை அல்ல.

2007-இல் நெட்ஃபிளிக்ஸ் இணையம் வழியே படம் காட்ட ஆரம்பித்தபோது அந்தத் தொல்லை இல்லை. விளம்பரமும் இல்லை. இப்போது? 2022 நவம்பரில் விளம்பரத்தோடு ஒரு மலிவுத் திட்டம் வந்தது. 2023-இல் பாஸ்வேர்டைப் பகிர்வதற்குக் கடிவாளம் விழுந்தது. 2024-இல் டிஸ்னி பிளஸ், ஹுலு, மேக்ஸ் என்ற மூன்று ஓடிடிகளையும் ஒரே கட்டாகக் கட்டி விற்றார்கள். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா?

இன்னொரு வேடிக்கை. எதைப் பார்ப்பது என்று தேடித் தேடியே அலுத்துப்போனவர்களுக்காக, புளூட்டோ டிவி போன்ற ஓடிடிகள் பழைய சேனல் மாதிரியே நாள் முழுக்க எதையாவது தானாக ஓட்டிக்கொண்டிருக்கின்றன.

என் கணிப்பு இதுதான்: கேபிளின் கடைசிப் பிடி விளையாட்டு. அந்தப் பிடியும் நழுவுகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்க விளையாட்டுச் சேனல் நிறுவனமான இஎஸ்பிஎன் தன் சேனல்களைக் கேபிள் இணைப்பே இல்லாதவர்களுக்கும் நேரடியாக விற்கத் தொடங்கிவிட்டது. பேக்கேஜ் மட்டும் சாகாது, ஆப்களுக்குள் குடியேறிவிடும்.

[திரையில்: மோடத்தின் பின்பக்கம், நெருக்கத்தில்]

அப்புறம், அந்தக் கம்பி. ஃபைபர் வராத எத்தனையோ வீடுகளில் ஓடிடிக்கான இணையத்தைத் தருவதே கேபிள் நிறுவனம்தான். மோடத்தின் பின்னால் பாருங்கள். திருகி மாட்டியிருக்கும் அந்தக் கறுப்புக் கம்பி, முன்பு டிவிக்குப் போனது.