நான்கு விநாடி ஹாரன்

[காட்சி: வேலூர் இடா ஸ்கடர் சாலை, காலை நேரம். மருந்துக் கடைகள், லாட்ஜ் பலகைகள், ஆட்டோக்கள்.]

சி.எம்.சி. மருத்துவமனை இருக்கும் சாலை இது. ஸ்கேன் உறையைக் கையில் பிடித்தபடி ஒரு முதியவர் சாலையைக் கடக்க நிற்கிறார். பின்னால் ஒரு ஹாரன். அவர் திடுக்கிடுவதைப் பாருங்கள்.

மருத்துவமனையைச் சுற்றி அமைதி மண்டலமாக அறிவிக்கப்படும் இடத்தில் பகலில் 50 டெசிபல், இரவில் 40 டெசிபல்தான் வரம்பு. ஒலி மாசு பற்றிய 2000-ஆம் ஆண்டு விதிகள் சொல்வது இது.

[காட்சி: முக்காலியில் ஒலி அளக்கும் கருவி.]

அளப்பதற்கு ஒரு முறை உண்டு. மைக் தரையிலிருந்து 1.2 முதல் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். சுவருக்கு அருகில் வைத்தால் எதிரொலியும் சேர்ந்துகொள்ளும். ஆகவே மூன்றரை மீட்டராவது தள்ளி வைப்பார்கள். காற்றின் இரைச்சல் புகாமல் இருக்க மைக்குக்குப் பஞ்சுறை போடுவார்கள்.

கருவி தருவது ஒரு மணி நேர ஒலி ஆற்றலின் சராசரி. டெசிபல் கணக்கில் 3 கூடினால் ஆற்றல் இரட்டிப்பு. 10 கூடினால் பத்து மடங்கு. 30 கூடினால் ஆயிரம் மடங்கு.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். சாலை இரைச்சல் சீராக 65 டெசிபல், ஹாரன் 95 டெசிபல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 30. ஒரு விநாடி ஹாரனுக்குள் ஆயிரம் விநாடி இரைச்சலின் ஆற்றல் அடங்கியிருக்கிறது. ஒரு மணி நேரம் என்பது 3,600 விநாடிதான். ஆக, மொத்தமாக நான்கு விநாடி ஹாரன் அடித்தாலே அந்த மணியின் சராசரி 68-ஐத் தாண்டிவிடும். அதே 3 டெசிபலை வாகனங்களால் மட்டும் கூட்ட வேண்டுமென்றால், அவற்றின் எண்ணிக்கையே இரண்டு மடங்காக வேண்டும். இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்த அன்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. மூன்று முறை சரிபார்த்தேன்.

இரைச்சலை முன்கூட்டியே கணிக்கும் முறைகளும் இருக்கின்றன. பிரிட்டனின் 1988-ஆம் ஆண்டு முறை வாகன எண்ணிக்கை, வேகம், கனரக வண்டிகளின் பங்கு, சாலையின் ஏற்றம், தூரம் எல்லாவற்றையும் கேட்கும். ஹாரனைப் பற்றிக் கேட்காது. அதை அப்படியே நம் ஊருக்குப் பொருத்தினால் விடை பிசகும்.

[காட்சி: சத்துவாச்சாரி, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை.]

இங்கே கதை வேறு. வேகமாக ஓடும் கார்களில் இன்ஜினைவிட டயர் எழுப்பும் ஓசையே அதிகம். வேகம் குறைந்தால் இரைச்சலும் குறையும். வீட்டுக்கும் சாலைக்கும் நடுவே இடைவெளியில்லாத தடுப்புச் சுவர் எழுப்பி, வண்டி கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தாலே ஏறத்தாழ 5 டெசிபல் இறங்கும். ஒற்றை வரிசை வேப்பமரம் நிழல் தரும், ஓசையைத் தடுக்காது. மரம் வைத்தால் போதும் என்று பலர் நினைப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

[காட்சி: மீண்டும் இடா ஸ்கடர் சாலை.]

இந்தச் சாலையில் சுவர் எழுப்ப முடியாது. கடைக்குக் கடை வாசல். வண்டிகள் ஊர்ந்தே போவதால் வேகக் கட்டுப்பாட்டாலும் பயனில்லை. மிஞ்சுவது ஹாரன்தான். தேவையின்றி ஹாரன் அடித்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194எஃப் பிரிவில் முதல்முறை 1,000 ரூபாய், மறுமுறை 2,000 ரூபாய் அபராதம் உண்டு. பல குரலில் ஒலிக்கும் ஹாரனைப் பொருத்துவதற்கே தடை இருக்கிறது.

இந்தச் சாலையில் அடுத்த முறை கருவி வைப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, எத்தனை ஹாரன், ஒவ்வொன்றும் எத்தனை விநாடி என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.