அக்டோபர் 8: சிகாகோவின் புகையில் மறைந்த ஊர்

[திரையில்: விஸ்கான்சின் வரைபடம். வடகிழக்கு ஓரத்தில் ஒரு புள்ளி.]

1871 அக்டோபர் 8. அமெரிக்க வரலாறு தெரிந்தவர்களிடம் இந்தத் தேதியைச் சொன்னால், "சிகாகோ தீ விபத்துதானே?" என்பார்கள். சரிதான். அதில் இறந்தவர்கள் சுமார் 300 பேர். ஆனால் அதே ஞாயிறு இரவு, வடக்கே விஸ்கான்சின் மாநிலத்தில் பெஷ்டிகோ என்ற ஊர் எரிந்தது. அங்கும் சுற்றுவட்டாரத்திலும் மாண்டவர்கள் குறைந்தது 1,200 பேர். 2,500 இருக்கும் என்பவர்களும் உண்டு.

ஊரே மரம்தான். வீடு மரம், நடைபாதை மரம், தெருவில் கொட்டிக் கிடந்தது மரத்தூள். வாளி, தொட்டி, துணி கிளிப் எல்லாம் மரத்தில் செய்யும் பெரிய தொழிற்சாலை ஒன்றும் இருந்தது. அதன் முதலாளி வில்லியம் ஆக்டன், சிகாகோவின் முதல் மேயர். பாவம் மனிதர், ஒரே இரவில் இரண்டு ஊரிலும் அவர் சொத்து சாம்பலானது.

கோடை தொடங்கி மழையே இல்லை. ரயில் பாதைக்குக் காடு வெட்டியவர்கள் கழித்த கிளைகளை அங்கங்கே கொளுத்தினார்கள். விவசாயிகளும் அப்படித்தான் நிலம் திருத்தினார்கள். நாள் கணக்கில் புகைந்துகொண்டே இருந்ததில் ஊர்க்காரர்களுக்குப் புகை பழகிப்போனது. அன்று இரவு பலத்த காற்று எழுந்தது. அவ்வளவுதான்.

[திரையில்: இருட்டில் ஓர் ஆறு. பின்னணி இசை நிற்கிறது.]

தப்பியவர்களில் பலர் ஆற்றுக்கு ஓடியவர்கள். கழுத்தளவு தண்ணீரில் நின்றாலும் தலைமுடி பற்றிக்கொள்ளும். அதனால் கையால் அள்ளி அள்ளித் தலையில் ஊற்றியபடியே இருந்தார்கள். பீட்டர் பெர்னின் என்ற பாதிரியார் ஐந்து மணி நேரத்துக்கு மேல் அப்படி ஆற்றில் கிடந்ததைப் பின்னாளில் எழுதிவைத்தார். மாடுகளும் பக்கத்தில் நீந்தின. மேலே அனல், கீழே அக்டோபர் மாதக் குளிர்நீர்.

தந்திக் கம்பி எரிந்துபோயிருந்ததால், தலைநகர் மேடிசனுக்குச் செய்தி போய்ச் சேர 10ஆம் தேதி ஆகிவிட்டது. அப்போது ஆளுநர் லூசியஸ் ஃபேர்சைல்ட் ஊரில் இல்லை. சிகாகோவுக்கு உதவப் போயிருந்தார்! தந்தியைப் படித்தது அவர் மனைவி ஃபிரான்சஸ், வயது 24. சிகாகோவுக்குச் சாமான் ஏற்றி நின்ற ரயிலைப் பெஷ்டிகோ பக்கம் திருப்பச் சொன்னார். அதில் போர்வை இல்லை என்று கண்டதும், ஊர்ப் பெண்களிடம் கேட்டு வாங்கி ஏற்றினார்.

[திரையில்: பெஷ்டிகோ கல்லறைத் தோட்டம்.]

இங்கே ஒரே குழியில் சுமார் 350 பேர். இவர் இன்னார் என்று அடையாளம் சொல்லக்கூட ஆள் மிஞ்சவில்லை.